சாளை இருந்த இடம்: காணாமல் போன தோட்டத்து வீடுகளைத் தேடுபவர்கள் கேட்கும் கேள்விகள்

ஈரோடு, திருப்பூர், கோவை வட்டாரத்தில் தோட்டத்து வீட்டுக்குச் சாளை என்று பெயர். பத்துப் பன்னிரண்டு வருடமாக இடிந்துபோன சாளைகளைத் தேடித் திரிகிறேன். எனக்கு இது தொழில் இல்லை. "அப்பாரு பொறந்த சாளை எங்கப்பா?" என்று ஒரு நாள் என் மகள் கேட்டாள். அப்பாரு என்றால் எங்கள் பக்கம் தாத்தா. கை நீட்டிக் காட்டலாம் என்று கூட்டிப் போனேன். அங்கே மக்காச்சோளம் ஆளுயரத்துக்கு நின்றது. எந்த இடம் என்று எனக்கே தெரியவில்லை. அன்று பிடித்த கிறுக்கு இது. அதற்கப்புறம் என்னைப் போலவே தேடுகிற பலர் கேட்டவற்றையும் நான் சொன்னவற்றையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஊருக்குள் வீடு கட்டாமல் காட்டுக்குள் ஏன் தனியாகக் குடியிருந்தார்கள்?

தண்ணீர்தான் காரணம். காவிரிப் பாசன ஊர்களில் வாய்க்கால் பொது. வீடுகள் தெருத்தெருவாகக் கூடியிருக்கும், வயல் வெளியே கிடக்கும். கொங்கு மேட்டு நிலத்தில் அவரவர் கிணறு அவரவருக்கு. கவலை இறைப்பவர்கள், அதாவது மாடு பூட்டித் தோல் பையால் தண்ணீர் இறைப்பவர்கள், கோழி கூவும் முன்பே எழுந்தாக வேண்டும். ஊரில் படுத்துக்கொண்டு மூன்று மைல் தள்ளி இருக்கும் கிணற்றில் அதைச் செய்ய முடியாது. மாடு, ஆட்டுப்பட்டி, களத்தில் குவித்த கம்பு, எல்லாவற்றுக்கும் காவலும் வேண்டும்.

ஆகவே கிணற்றடியில் முதலில் ஒரு ஓலைக் கொட்டகை போடுவார்கள். நாலு நல்ல வெள்ளாமை எடுத்தால் மண்சுவர் வரும், இன்னும் கை கூடினால் ஓடு. அண்ணன் தம்பி பாகம் பிரிந்தால் அடுத்த கிணற்றடியில் இன்னொரு சாளை. நாலைந்து சாளை சேர்ந்த இடத்துக்கு வலசு என்று பெயர் வரும். கொங்கில் 'வலசு' என்று முடியும் ஊர்களுக்குக் கணக்கே இல்லை. இடம்பெயர்தலைக் குறிக்கும் 'வலசை' என்ற சொல்லோடு இதைச் சேர்த்துப் பார்ப்பார்கள், எனக்கும் அது சரியென்றே படுகிறது.

கிராம நிர்வாக அலுவலகத்தில் பக்கத்து ஊரை 'பேச்சிராக்' என்கிறார்கள். பேச்சியம்மன் சாபமா?

இதை மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டுவிட்டார்கள். அம்மனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பாரசீகத்தில் 'பே' என்றால் இல்லாத, 'சிராக்' என்றால் விளக்கு. விளக்கு எரியாத ஊர். எல்லை இருக்கும், புல எண் (சர்வே நம்பர்) இருக்கும், தீர்வை, அதாவது நிலவரி, வசூலாகும், குடியிருக்க மட்டும் ஆள் இருக்காது. வருவாய்த் துறையின் உலர்ந்த சொற்களுக்கு நடுவே இப்படி ஒரு சொல் எப்படியோ தங்கிவிட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவின் 6.4 லட்சம் கிராமங்களில் ஏறத்தாழ 43,000 ஆளில்லாதவை.

ஆனால் உங்கள் சாளை இந்தக் கணக்கில் வராது. ஒரு வருவாய்க் கிராமம் முழுக்கக் காலியானால்தான் பேச்சிராக். ஒரு சாளை, ஒரு வலசு காலியானால் அரசாங்கத்துக்கு அது நிகழ்ச்சியே அல்ல.

வீடு இருந்த இடத்தையே மறந்துவிட்டோம். எங்கிருந்து தொடங்குவது?

வீட்டைத் தேடாதீர்கள், கிணற்றைத் தேடுங்கள். மண்சுவர் பத்து மழைக்குள் கரைந்துவிடும். ஓடும் விட்டமும் கதவும் விலைக்குப் போயிருக்கும். பாறையில் வெட்டிய கிணற்றை யாரும் தூக்கிப் போக முடியாது. மூடினாலும் அந்த இடத்தில் மண் இறங்கிக்கொண்டே இருக்கும், டிராக்டர்காரர்கள் அடையாளம் சொல்வார்கள்.

எங்கள் அப்பாரு சாளையை அப்படித்தான் கண்டுபிடித்தேன். மக்காச்சோளம் அறுத்தபின் போனால் நிலத்தின் வடமேற்கு மூலையில் வேலிமுள் மண்டிய ஒரு வட்டம் தெரிந்தது. முள்ளை விலக்கிப் பார்த்தால் சதுரக் கிணறு. விளிம்பில் கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பதுபோலச் சாய்ந்த இரண்டு கல்தூண்கள், தலையில் பள்ளம். வடக்கயிறு ஓடிய உருளையின் அச்சு உட்கார்ந்த பள்ளம் அது. விரலை வைத்துப் பார்த்தேன், உள்பக்கம் கண்ணாடிபோல வழுவழுவென்று இருந்தது. தூணிலிருந்து வெளிப்பக்கமாக ஒரு சரிவு இறங்கியது. மாடு இறங்கும்போது பை மேலே வரும், பின்னால் நடந்து ஏறும்போது பை கீழே போகும். அந்தச் சரிவில் இன்றைக்கும் மற்ற இடத்தைவிட மண் இறுகிக் கிடக்கிறது, சோளம் அங்கே மட்டும் குட்டையாகவே வருகிறதாம்.

கிணறு கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. சாளை கூப்பிடு தூரத்தில்தான் இருந்திருக்கும். தண்ணீர் ஓடிய பக்கத்தை விட்டுவிட்டு மேட்டுப் பக்கம் பாருங்கள், ஈரத்தில் யாரும் வீடு கட்ட மாட்டார்கள். உழவு போட்டபின் ஒரு மழை பெய்திருந்தால் நல்லது. சுவர் கரைந்த இடம் கணுக்கால் உயரத்துக்கு மேடாக, வேறு நிற மண்ணாகத் தெரியும். அடுப்புச் சாம்பல், பானை ஓடு, வளையல் துண்டு எல்லாம் கழுவி மேலே வந்திருக்கும். தரையில் பதித்த உரல் பெரும்பாலும் அப்படியே இருக்கும். நேர்கோட்டில் நிற்கும் கிளுவை மரங்களைக் கண்டால் நில்லுங்கள். கிளுவை தானாக வரிசையில் முளைப்பதில்லை, அது பட்டிக்கோ கொறங்காட்டுக்கோ யாரோ வைத்த வேலி. கொறங்காடு என்பது வேலி கட்டி மேய்ச்சலுக்கென்றே விட்ட நிலம். காங்கேயம், தாராபுரம், மூலனூர் பக்கம் இன்னமும் உண்டு.

பாழுங்கிணற்றின் விளிம்பில் மட்டும் நின்று எட்டிப் பார்க்க வேண்டாம். கைப்பிடிச் சுவர் கிடையாது, விளிம்புக் கல்லுக்குக் கீழே மண் எப்போதோ போயிருக்கும்.

சரி, தாள்களில் எங்கே பார்ப்பது?

முதலில் வீட்டுப் பெட்டியை, பரணை. பழைய கிஸ்தி (நிலவரித் தவணை) ரசீது ஒன்று கிடைத்தாலும் போதும். அதில் பசலி ஆண்டு, அதாவது ஜூலையில் தொடங்கும் வருவாய்க் கணக்கு ஆண்டு, இருக்கும், அதோடு 590 கூட்டினால் ஆங்கில ஆண்டு. பசலி 1300 என்றால் 1890 ஜூலையில் தொடங்கிய ஆண்டு. பத்திரத்தில் தாது, ஈஸ்வர என்று தமிழ் வருடப் பெயர் மட்டும் இருந்தால் கவனம். அறுபது வருடத்துக்கு ஒரு முறை அதே பெயர் திரும்பி வரும். 1876, 1936, 1996 மூன்றிலுமே சித்திரையில் பிறந்தது தாது வருடம்தான். கையெழுத்தையும் முத்திரைத் தாளையும் பார்த்து எந்தச் சுற்று என்று முடிவு செய்யுங்கள்.

அடுத்து புல எண். இன்றைய பட்டாவில் 142/3பி என்று இருப்பது உங்கள் அப்பாரு காலத்தில் வெறும் 142 ஆக இருந்திருக்கலாம், முற்றிலும் வேறு எண்ணாகவும் இருந்திருக்கலாம். 1979 இல் தொடங்கி எண்பதுகளில் முடிந்த யு.டி.ஆர். என்ற நில ஆவணப் புதுப்பிப்புப் பணியில் பட்டாக்களும் உட்பிரிவுகளும் பெருமளவு மாறின. அதற்கு முந்தைய நிலவரித் திட்டப் பதிவேட்டைக் கேளுங்கள். சென்னை மாகாணத்தில் நில அளவைக்கும் வரித் திட்டத்துக்கும் 1858 இல் தனித் துறை வந்தது, அதன் வழி வந்த கணக்குகள் இவை. புலப்படத்தையும் கேட்டு வாங்குங்கள். எல்லைக்கோடுகளுக்கு நடுவே கிணறு, வண்டித்தடம், சில நேரம் வீடும் குறித்திருக்கும். எனக்கு ஒரு அலுவலகத்தில் அந்தப் பதிவேட்டைக் கரையான் தின்றுவிட்டது என்றார்கள். இரண்டு வாரம் கழித்துப் போனபோது வேறொருவர் அதே பதிவேட்டைத் தூசி தட்டிக் கையில் கொடுத்தார். ஒரு தடவை இல்லை என்றதும் வீட்டுக்குப் போய்விடாதீர்கள்.

1980 நவம்பரில் கர்ணம் (ஊர்க் கணக்கர்), முன்சீப் (ஊர்த் தலைவர்) பதவிகளை அரசு ஒழித்தது. பரம்பரையாக வீட்டிலேயே கணக்கு வைத்திருந்தவர்கள் அவர்கள். பழைய கர்ணத்தின் பேரன் யார் என்று விசாரித்து வையுங்கள், தாள் இல்லாவிட்டாலும் பேச்சில் ஏதாவது கிடைக்கும்.

வில்லங்கச் சான்றை இணையத்தில் 1975 முதல் எடுத்துவிடலாம், அதற்கு முந்தையது பெரும்பாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் கையால் தேட வேண்டிய வேலை. கிடைக்கும் மூலப்பத்திரத்தில் சக்குபந்தியை, நாலு எல்லை விவரத்தை, நிதானமாகப் படியுங்கள். 'இன்னார் தோட்டத்துக்குக் கிழக்கு, வண்டித்தடத்துக்கு வடக்கு' என்று போகும். முக்கியமான சங்கதி அதற்கப்புறம் வரும்: கிணற்றில் எத்தனை பங்கு, எத்தனை நாளைக்கு ஒரு முறை, மாமூல் வழிநடைப் பாத்தியம் எந்தப் பக்கம். அந்தத் தடம் எங்கே போய் முட்டுகிறதோ அங்கேதான் சாளை.

படங்களில் இரண்டைச் சொல்வேன். சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய ஒரு அங்குல வரைபடத் தாள்கள், அதாவது ஒரு மைலை ஒரு அங்குலமாகக் காட்டுபவை, ஒன்று. இன்னொன்று யாரும் எதிர்பார்க்காதது: 1960 முதல் 1972 வரை அமெரிக்காவின் கொரோனா உளவுச் செயற்கைக்கோள்கள் எடுத்த படங்கள். 1995 இல் இரகசியம் நீக்கி வெளியிட்டார்கள். இன்றைய செயற்கைக்கோள் படத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால், புல்டோசர் வருவதற்கு முந்தைய தடங்களும் வேலிகளும் துலங்கும். உளவு பார்க்க வந்தவன் எங்கள் ஆட்டுப்பட்டியையும் படம்பிடித்துக்கொண்டு போயிருக்கிறான்.

பத்திரத்தில் கிணறு, மரம், தடம் எல்லாம் இருக்கிறது. வீட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே?

நிலத்துக்குத்தான் தீர்வை, சாளைக்கு இல்லை. தீர்வை இல்லாததைக் கணக்குப்பிள்ளை ஏன் எழுதப் போகிறார்? பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிணற்றுப் பாசனத் தோட்டத்துக்கு வெறும் புன்செயைவிடக் கூடுதல் தீர்வை போட்டிருந்தார்கள். அதனால் கிணறு கணக்கில் ஏறியது.

இந்தப் பழக்கம் வெள்ளைக்காரன் கொண்டுவந்ததும் அல்ல. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகள் ஊர் ஊராக நிலத்தை வேலி, மா, காணி என்று நுணுக்கி அளந்து சொல்கின்றன. ஊர்நத்தம், குளம், பறைச்சேரி, கம்மாணசேரி, சுடுகாடு இவையெல்லாம் இறையிலி, வரியில்லாதவை, அவ்வளவுதான். மனிதர் குடியிருந்த இடம் அந்தக் கணக்கில் கழித்துக்கொள்ள வேண்டிய ஒரு தொகை. ஆயிரம் வருடம் கழித்து இன்றைக்கும் குடியிருப்பு நிலத்துக்கு அதே 'நத்தம்' என்ற சொல்தான் கிராமத்து நிலங்களின் அடிப்படைக் கணக்கான அ பதிவேட்டில் இருக்கிறது. ஆளே இல்லாத வெளியில் ஒரு காட்டுக்கு 'நத்தமேடு', 'நத்தக்காடு' என்று பேர் வழங்கினால், அங்கே ஒரு காலத்தில் ஊர் இருந்தது என்று துணிந்து தேடலாம்.

என் தாத்தா அந்தத் தோட்டத்தில் பண்ணையாள். பட்டாவும் இல்லை, பத்திரமும் இல்லை. எங்களுக்கு என்ன வழி?

இந்தக் கேள்விக்கு என்னால் முழுசாகப் பதில் சொல்ல முடிவதில்லை, ஆனால் சொல்ல வேண்டிய கேள்வி இதுதான். மேலே நான் சொன்ன தாள்கள் எல்லாம் நிலம் வைத்திருந்தவர்களின் தாள்கள். ஒவ்வொரு சாளைக்கும் பக்கத்தில் ஒன்றோ இரண்டோ குடிசைகள் இருந்தன, அல்லது வளவிலிருந்து, அதாவது தங்கள் குடியிருப்பிலிருந்து, தினமும் நடந்து வந்தார்கள். கவலையின் தோல் பையைத் தைத்ததும் கிழிந்தால் ஒட்டுப்போட்டதும் அருந்ததியர்கள். கூலி வருடத்துக்கு இத்தனை வள்ளம் தானியம் என்று பேச்சு, எழுத்தில் எதுவும் கிடையாது. கரண்டு மோட்டார் வந்தபோது அந்த வேலையே போயிற்று. அவர்கள் போன தேதியை எந்தப் பதிவேடும் எழுதவில்லை.

இருந்தாலும் சில இடங்களில் தட்டிப் பார்க்கலாம். பிறப்பு இறப்புப் பதிவேட்டில் நிலமில்லாதவர் பெயரும் உண்டு. ஊர்ப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் தகப்பன் பெயர், இடம் இருக்கும். பழைய வாக்காளர் பட்டியலில் 'இன்னார் தோட்டம்' என்று கதவு எண் இல்லாமல் குடும்பத்தையே வரிசையாகப் போட்டிருப்பார்கள். சென்னை மாகாண அரசு 1892 இல் தொடங்கிய திட்டத்தில் தாழ்த்தப்பட்டோருக்குக் கொடுத்த பஞ்சமி நிலம் உங்கள் குடும்பத்துக்குக் கிடைத்திருந்தால் பழைய அ பதிவேட்டில் அந்தக் குறிப்பு இருக்க வேண்டும். அது பின்னாளில் யார் பெயருக்கு மாறியது என்பதையும் பார்த்துவிடுங்கள்.

குலதெய்வம் எங்கே என்று கேளுங்கள். குடிசை போன பிறகும் வேம்படியில் நட்ட மூன்று கல் அங்கேயே இருக்கும், வருடத்துக்கு ஒரு முறை பொங்கல் வைக்க யாராவது வருவார்கள். அவர்கள் உங்கள் பங்காளிகள்.

ஏன் போனார்கள்? பஞ்சமா?

எல்லாரும் தாது வருடப் பஞ்சத்தைத்தான் சொல்வார்கள். 1876 முதல் 1878 வரை நடந்த அந்தப் பஞ்சம் கொடூரமானதுதான். சேலம் மாவட்டத்தில் 1871 இல் ஏறக்குறைய 19.7 லட்சம் பேர், 1881 இல் 16 லட்சம்தான். அப்போது காலியான காடுகள் உண்டு. ஆனால் நான் பார்த்த சாளைகளில் பெரும்பாலானவை அதற்குப் பிறகு கட்டி, என் வயதுக்காரர்கள் கண்ணெதிரே விழுந்தவை. நூறு வருடத்துக்கு முந்தைய பஞ்சத்தின்மேல் பழியைப் போடுவது சுலபம், நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியதில்லை.

இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கோவையைப் பிளேக் தாக்கியபோது நேர்மாறாக நடந்தது. எலி செத்து விழுந்ததும் ஊரைக் காலி செய்துவிட்டுக் காட்டில் கொட்டகை போட்டார்கள். கோவையில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றைக்கும் உண்டு. அப்படி வந்தவர்களில் சிலர் திரும்பவில்லை, ஆக நோய் சில சாளைகளை உண்டாக்கியும் விட்டது.

சாளையைக் கொன்றது தண்ணீர். 1932 இல் பைக்காரா மின் நிலையம் ஓடத் தொடங்கியது. பின்வந்த பத்தாண்டுகளில் கம்பி ஒவ்வொரு தோட்டமாக நீண்டது. கவலை ஒரு நாளில் இறைத்ததை மோட்டார் ஒரு மணி நேரத்தில் இறைத்தது. கிணறு வற்ற வற்றத் தோண்டினார்கள், பக்கவாட்டில் துளை போட்டார்கள், அப்புறம் ஆழ்குழாய்க் கிணறு. ஆயிரம் அடிக்கும் கீழே புகைதான் வந்தது. அதே காலத்தில் திருப்பூர் பனியன் கம்பெனிகள் வாரச் சம்பளம் கொடுத்தன. பிள்ளைகள் பஸ் ஏறினார்கள், கிழவனும் கிழவியும் நாயும் மிஞ்சினார்கள். தனியாகத் தோட்டத்து வீட்டில் இருந்த முதியவர்களைக் கொன்று நகை பறித்த சம்பவங்கள் அண்மையில் நடந்த பிறகு, மிஞ்சியவர்களையும் பிள்ளைகள் டவுனுக்குக் கூட்டிப் போகிறார்கள். நானும் என் அம்மாவை அப்படித்தான் கூட்டி வந்தேன்.

எங்கள் ஊர் அணைக்குள் போய்விட்டது. பார்க்கவே முடியாதா?

கோடையில் நீர்மட்டம் இறங்கும் வருடத்துக்குக் காத்திருங்கள். 1934 இல் முடிந்த மேட்டூர் அணையில், பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேசுவரர் கோயில் நந்தியும் கிறித்தவ ஆலயத்தின் இரட்டைக் கோபுரமும் வெளியே வரும். 1955 இல் முடிந்த பவானிசாகரில் டணாய்க்கன்கோட்டையின் பெருமாள் கோயில். கல்லால் கட்டியது மட்டும்தான் நிற்கும். உங்கள் வீடு அந்தக் கோயிலிலிருந்து எத்தனை எட்டில் இருந்தது என்று தெரிந்த ஆளைக் கூட்டிப் போகாவிட்டால் வண்டலைப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான்.

ஓட்டில் 1865 என்று முத்திரை இருக்கிறது. சாளை அவ்வளவு பழசா?

இல்லை. பாசல் மிஷன் என்ற கிறித்தவ சபை மங்களூரில் ஓட்டு ஆலை தொடங்கிய வருடம் அது. முதல் உலகப் போரை ஒட்டி ஆங்கில அரசு அந்த ஆலைகளை எடுத்துக்கொண்டு காமன்வெல்த் டிரஸ்ட் என்ற நிறுவனத்தின் கையில் கொடுத்தது. எனவே பாசல் மிஷன் பெயருள்ள ஓடு பெரும்பாலும் நூறு வருடத்துக்கு மேற்பட்டது என்று சொல்லலாம், ஓடுதான், வீடு அல்ல. ஓட்டைப் பிரித்து விற்பதும் வாங்கி வேய்வதும் எப்போதும் உண்டு.

பெரியவர்களிடம் என்ன கேட்பது? எதைக் கேட்டாலும் "அதெல்லாம் அந்தக் காலம்" என்கிறார்கள்.

"சாளை எப்போ இடிஞ்சுது?" என்று கேட்டால் அப்படித்தான் சொல்வார்கள். வருடத்தைக் கேட்காதீர்கள், வேலையைக் கேளுங்கள். மாட்டை எங்கே கட்டினீர்கள்? மழை பெய்தால் எந்தச் சுவர் ஒழுகும்? இரவில் வெளிக்குப் போக எந்தப் பக்கம் போவீர்கள்? என் அம்மாயி (அம்மாவின் அம்மா) எண்பத்தாறு வயதில் எதையும் நினைவில்லை என்றுதான் தொடங்கினார். அடுப்பு எந்தத் திசையைப் பார்த்து இருந்தது என்று கேட்டேன். எழுந்து நின்று, கையை முன்னால் நீட்டி, இடப்பக்கம் திரும்பி, "இங்க தண்ணிப்பானை, நிமிந்தா சன்னல்ல புளியமரம் தெரியும்" என்றார். புளியமரம் இன்னும் நிற்கிறது. அதை வைத்துத்தான் சமையலறை மூலையை அளந்தேன்.

தோண்டிப் பார்க்கலாமா? புதையல் இருக்கும் என்கிறார்களே.

வேண்டாம். 1878 ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது கிடைத்தாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். தவிர, புதைத்து வைக்கும் அளவுக்கு எங்கள் ஆட்களிடம் எதுவும் இருந்ததில்லை. தரைக்கடியில் குழி தட்டுப்பட்டால் அது கம்போ சோளமோ போட்டு மூடிய தானியக் குழியாகத்தான் இருக்கும்.

நிலம் இப்போது வேறொருவர் பெயரில். போய்ப் பார்க்க விடுவார்களா?

பெரும்பாலும் விடுவார்கள், பயத்தைப் போக்கினால். புல எண் எழுதிய தாளோடு போய் நின்றால் வழக்குப் போட வந்திருக்கிறான் என்றுதான் நினைப்பார்கள். முதல் தடவை வெறுங்கையோடு, வயதான ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். "பாகம் கேட்க வரலைங்க, பார்த்துட்டுப் போலாம்னு வந்தோம்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.

எங்கள் தோட்டத்தை இப்போது வைத்திருப்பவர் முதலில் வரப்பிலேயே நிறுத்தினார். அப்பாரு பெயரைச் சொன்னதும் முகம் மாறியது. வீட்டுக்குக் கூட்டிப்போய் வாசலில் ஒரு கல்தொட்டியைக் காட்டினார். கவலைக் கிணற்றடியில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிய தொட்டி, எங்களுடையது. கோழிகள் குடித்துக்கொண்டிருந்தன. "வேணும்னா எடுத்துக்கங்க, ஆனா தூக்க ஆறு ஆள் வேணும், வண்டி கொண்டாங்க" என்றார். இரண்டு வருடம் ஆகிறது, இன்னும் வண்டி கொண்டு போகவில்லை.